சில்லி சிக்கன் வேணும், செஞ்சவங்க வேணாமா?

டொரண்டோவுக்குப் புதுசா வர்ற நம்மாளுங்க ரெண்டாவது வாரமே நாக்கு செத்துப்போச்சுன்னு புலம்ப ஆரம்பிச்சிடுவாங்க. அவங்களுக்கு நான் சொல்ற வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். 'ஹக்கா'ன்னு போர்டு போட்ட சைனீஸ் கடையாப் பார்த்து உள்ளே நுழைஞ்சிடுங்க. வெளியில சிவப்பு லாந்தரும் டிராகன் படமும் பார்த்துப் பயப்படவேணாம். மெனுவை விரிச்சா சில்லி சிக்கன், மஞ்சூரியன், ஹக்கா நூடுல்ஸ், கூடவே சிக்கன் பக்கோடா! எந்த சைனாவில பக்கோடா போடறாங்கன்னு கேக்கப்படாது. பல கடைகள்ல ஹலால்னு வேற எழுதியிருக்கும். பக்கத்து டேபிள்ல பஞ்சாபிக் குடும்பம், அதுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரங்க (அவங்க எழுதறப்போ ரொறன்ரோ), கோடியில பாகிஸ்தான். கல்லாவில சீன முகத்தோட ஒரு அம்மா உட்கார்ந்து, "காரம் ஜாஸ்தியா, கம்மியா?"ன்னு சுத்தமான ஹிந்தியில கேப்பாங்க.

எங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற ஒருத்தர் ஹாங்காங்ல பொறந்து வளர்ந்தவர். ஒருநாள் மதியம் அவரை இப்படி ஒரு கடைக்குத் தள்ளிட்டுப் போனேன். கோபி மஞ்சூரியன் ஒரு துண்டை வாயில போட்டு மெதுவா மென்னுட்டு, "நல்லாத்தான் இருக்கு. இது எந்த நாட்டுச் சாப்பாடு?"ன்னார். தமாஷுக்குக் கேக்கலே, நிஜமாவே தெரியாமதான் கேட்டார்.

நம்ம நாட்டுச் சாப்பாடு சாமி! என் கட்சி இதுதான். இது நம்ம சாப்பாடு, இதை நமக்குச் செஞ்சு குடுத்தவங்களும் நம்மாளுங்க. சாப்பாட்டை மட்டும் வச்சுக்கிட்டு, ஆளுங்கள்ல பாதிப்பேரைத் தொரத்தி விட்டுட்டோம். அதுக்கு இந்த நிமிஷம் வரைக்கும் அரசாங்கத்துக்கிட்டேயிருந்து வருத்தம்னு ஒரு வார்த்தை வந்ததில்லே. இதைச் சொன்னா வீட்டுக்கு வர்ற நண்பர்கள் பாதிப்பேர் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. அதான் கொஞ்சம் விரிவாவே எழுதிடலாம்னு.

எங்க ஊர் கார்வேட்டிநகரம். சித்தூர் ஜில்லா, புத்தூர் பக்கம். பழைய ஜமீன் ஊர், வேணுகோபால சாமி கோயில், படிக்கட்டு வச்ச பெரிய புஷ்கரணி. நான் வளர்ந்த காலத்துல அங்க வெளிச் சாப்பாடுன்னா இட்லி, பூரி, மிஞ்சிப்போனா புரோட்டா. வீட்ல ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழி புலுசும். சைனாங்கிற வார்த்தையே எங்க காதுல விழாதுன்னு நினைச்சிடாதீங்க. டீயில போடறது சீனி. வியாபாரிங்க வீட்ல பீங்கான் சாமான். தெற்கத்தி ஜனங்க வடை சுடறதே சீனச்சட்டியில. ஒரு நாட்டுப் பேரைச் சொல்லாம நம்ம அடுப்படியில பாதி வேலை நடக்காது. ஆனா சீன ஆள் ஒருத்தரைக்கூட நாங்க கண்ணால பார்த்ததில்லே.

தொண்ணூறுகள் கடைசியில பி.காம் படிக்கத் திருப்பதி போனப்புறம்தான் ஃபாஸ்ட் ஃபுட் பண்டியைப் பார்த்தேன். பண்டின்னா தள்ளுவண்டிங்க, எங்க பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்துதான் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு கேஸ் அடுப்பு பத்தவச்சா இரும்புச் சட்டிக்கு மேல ரெண்டடி உயரத்துக்குத் தீ எழும்பும். முட்டைகோஸ் மலையா நறுக்கி வச்சிருக்கும். ஒரு பாட்டில் கருப்பு சாஸ், ஒரு பாட்டில் சிவப்பு சாஸ், ஒரு பாட்டில் பச்சை மிளகா போட்ட வினிகர். மாஸ்டர் கரண்டியால சட்டி விளிம்பைத் தட்டற சத்தம் ரெண்டு தெரு தாண்டிக் கேக்கும். எக் நூடுல்ஸ் ஒரு பிளேட் வாங்கி மூணு பேர் சாப்பிடுவோம். மலைமேல பெருமாள், மலைக்குக் கீழ எங்களுக்கு இது :-)

அந்தப் பண்டி முதலாளி உள்ளூர். மாஸ்டர் நேபாளத்துப் பையன். ஊரே அவனை 'சைனா'ன்னுதான் கூப்பிட்டுச்சு. "ஏய் சைனா, ரெண்டு மஞ்சூரியா!" அவனும் முதல்ல நாலு நாள், "சைனா லேது அண்ணா, நேபாள்"னு சொல்லிப் பார்த்தான். யார் கேட்டா? அப்புறம் அந்தப் பேருக்கே திரும்ப ஆரம்பிச்சிட்டான். சில வருஷம் கழிச்சு நான் பேங்க்ல சேர்ந்து, அதே வட்டாரத்துல ஒரு கிளையில கவுண்டர்ல உட்கார்ந்திருந்தப்போ இதே மாதிரி இன்னொரு மாஸ்டர் சேமிப்புக் கணக்கு திறக்க வந்தார். அந்தக் காலத்துல கணக்கு திறக்கணும்னா ஏற்கனவே கணக்கு வச்சிருக்கிற ஒருத்தர் 'இவரை எனக்குத் தெரியும்'னு கையெழுத்துப் போடணும். இன்ட்ரட்யூசர்னு சொல்வோம். மூணு வருஷமா அவர் கையால சம்பாதிச்ச முதலாளி கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். "நாளைக்கு ஓடிப்போயிட்டா நான்ல பதில் சொல்லணும்?" கடைசியில டீக்கடைக்காரர் ஒருத்தர் வந்து போட்டுக் குடுத்தார். அவர் மலையாளி. தானும் ஒரு காலத்துல கையெழுத்துக்கு அலைஞ்சவர்னு நினைக்கிறேன்.

அந்த முதலாளி கெட்டவர் இல்லே. தீபாவளிக்கு அந்த ஆளுக்குத் துணியெல்லாம் எடுத்துக் குடுத்தவர்தான். ஆனா 'இவர் நம்மாள்'னு எழுத்துல எழுதிக் குடுக்கச் சொன்னா மட்டும் கை நடுங்குது. இந்த நடுக்கம் அவரோட நின்னுடலே, அதான் விஷயம்.

இதுல எங்களுக்குன்னு ஒரு தனி அனுபவம் இருக்கு. கார்வேட்டிநகரம் ஒரு காலத்துல மெட்ராஸ் மாகாணத்து வடஆற்காடு, 1911-க்கப்புறம் சித்தூர் ஜில்லா, அப்புறம் ஆந்திரா. ஜில்லா மாறிச்சு, ராஜ்யம் மாறிச்சு, நாங்க இருந்த இடத்துலயே இருந்தோம். திருப்பதியில நாங்க 'அரவவாடு'. மெட்ராஸ் வந்தா 'கொல்டி'. நீ எந்த ஊர் ஆளுங்கிற கேள்வி எங்க பக்கத்து ஆளுங்களுக்கு உடம்போட ஒட்டினது. அதனாலயோ என்னவோ ஹக்காங்கிற வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்ச அன்னிக்கு எனக்குச் சட்டுனு மனசுல தைச்சுது. விருந்தாளிக் குடும்பம்னு அர்த்தமாம். சீனாவுக்குள்ளேயே வடக்கேயிருந்து தெற்கே வந்து குடியேறினவங்களுக்கு அங்கிருந்தவங்க வச்ச பேர். நம்ம பாஷையில மரியாதையாச் சொன்னா விருந்தாளி, மரியாதை இல்லாமச் சொன்னா வந்தேறி.

இந்த விருந்தாளிங்க இந்தியாவுக்கு வந்தது நேத்து இல்லே. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்துல டோங் அச்சியூன்னு ஒருத்தர் ஹூக்ளி ஆத்தங்கரையில நிலம் வாங்கிக் கரும்பு போட்டு சர்க்கரை ஆலை வச்சார். சீனிக்குச் சீனின்னு பேர் வந்த ஊர்க்காரர் சீனி ஆலையே வச்சுட்டார் பாருங்க! அந்த இடத்துக்கு இன்னிக்கும் அவர் பேர்ல அச்சிபூர்னுதான் பேர். சீனப் புத்தாண்டுக்குக் கல்கத்தாச் சீனர்கள் அவர் சமாதிக்குப் போய்ட்டு வருவாங்க. அப்புறம் வந்தவங்க ஆளுக்கொரு தொழில் புடிச்சாங்க. காண்டனீஸ்காரங்க தச்சு வேலை, ஹூபேக்காரங்க பல் வைத்தியம் (மெட்ராஸ்ல பழைய ஆளுங்களைக் கேளுங்க, சைனீஸ் டென்டிஸ்ட் ஞாபகம் இருக்கும்), ஹக்காக்காரங்க செருப்பும் தோலும். ஜாதிக்காரங்க தொடத் தயங்கின தோலை இவங்க எடுத்துக்கிட்டாங்க. கல்கத்தாவுக்குக் கிழக்கே டாங்ராவில தோல் பதனிடும் தொட்டிங்க நூத்துக்கணக்கில வந்துச்சு. 1996-ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தொட்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியே போகச் சொன்னப்புறம், பல பேர் அந்தக் கட்டடத்துலயே ரெஸ்டாரண்ட் திறந்துட்டாங்க.

சாப்பாடு மாறினதும் இங்கதான். வங்காளிக்கும் மார்வாடிக்கும் பஞ்சாபிக்கும் போடணும்னா சும்மா ஆவியில வேகவச்ச மீன் செல்லுபடியாகுமா? பச்சை மிளகா வந்துச்சு, இஞ்சி பூண்டு வந்துச்சு, குழம்பு கெட்டியாச்சு. கோழி மஞ்சூரியன் பிறந்த கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். கல்கத்தாவில பொறந்த நெல்சன் வாங் 1975 வாக்கில பம்பாய் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில சமைச்சிட்டிருந்தப்போ, புதுசா ஏதாவது போடுன்னு கேட்டாங்களாம். நம்மூர்ச் சமையல் மாதிரியே பச்சை மிளகா, இஞ்சி, பூண்டுல ஆரம்பிச்சு, கரம் மசாலா போடற இடத்துல சோயா சாஸை ஊத்திட்டார். மஞ்சூரியாவில அப்படி ஒரு பதார்த்தம் கிடையாது. இன்னிக்கு அது இல்லாத கல்யாண ரிசப்ஷன் கிடையாது. எங்க பெத்தம்மா பேத்தி கல்யாணத்துல சாம்பாருக்கு முன்னாடி கோபி மஞ்சூரியா வந்து உட்கார்ந்துச்சு!

"அதெல்லாம் சரி, அஜினோமோட்டோ?"ன்னு தங்கமணி இங்க குறுக்கே வருவாங்க. வரட்டும், அதுக்கும் பதில் இருக்கு. 1908-ல டோக்கியோவில இகேடான்னு ஒரு கெமிஸ்ட்ரி புரொஃபசர் கடல்பாசியிலிருந்து பிரிச்செடுத்த உப்பு அது. சீனாவே இல்லே, ஜப்பான். அதுல இருக்கிற குளூட்டமேட் தக்காளியிலும் இருக்கு, சீஸ்லயும் இருக்கு. 1968-ல அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒண்ணுக்கு ஒரு டாக்டர், சீன ஹோட்டல்ல சாப்பிட்டா கழுத்து மரத்துப் போகுதுன்னு ஒரு லெட்டர் போட்டார். சமையல் வைனோ, உப்போ, இதுவோன்னு சந்தேகமாத்தான் எழுதியிருந்தார். பத்திரிகை அதுக்குச் சீன ரெஸ்டாரண்ட் நோய்னு தலைப்பு போட்டுருச்சு. அவ்வளவுதான், அம்பது வருஷமா சீன ஹோட்டல்னாலே ஜனங்களுக்கு ஒரு சந்தேகம். அதே சரக்கு சிப்ஸ் பாக்கெட்லயும் சூப் பொடியிலயும் போனா யாருக்கும் கழுத்து மரத்துப் போறதில்லே. கவலைப்படணும்னா கலரைப் பத்திக் கவலைப்படுங்க. 2024-ல கர்நாடக அரசு 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளை எடுத்துப் பரிசோதிச்சதுல 107-ல ஆகாத செயற்கைக் கலர் இருந்துச்சு. அந்தச் சிவப்பு எந்தச் சீனாக்காரரும் கத்துக் குடுத்தது இல்லே, அது நம்ம கைவண்ணம்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி நாங்க வழக்கமாப் போற ஹக்கா கடையில கூட்டமே இல்லே. வெளியே ஒரே பனி. கல்லா அம்மா எங்க டேபிள்கிட்ட வந்து, எழுபதை ஒட்டின வயசு அவங்களுக்கு, என் பொண்ணு தலையைத் தடவிட்டு எந்த ஊருன்னு கேட்டாங்க. திருப்பதி பக்கம், வீட்ல தமிழ்னு சொன்னேன்.

"மெட்ராஸ் பக்கமா?"

"மூணு மணி நேரம் ஆன்ட்டி. மெட்ராஸ் வந்திருக்கீங்களா?"

"நான் பார்த்ததில்லே பேட்டா. எங்க பெரியப்பா குடும்பம் மெட்ராஸ்லதான் கப்பல் ஏறிச்சு. அதுக்கப்புறம் அவங்களைப் பார்க்கவேயில்லே."

எந்த வருஷம்னு கேட்டேன். அறுபத்துமூணுன்னாங்க. அதுக்குமேல ஒண்ணும் சொல்லலே, பில்லை எடுத்துட்டு வரப் போயிட்டாங்க. வரும்போது பொண்ணுக்கு ரெண்டு மிட்டாய்.

மத்ததை நான்தான் தேடிப் படிச்சேன். 1962 அக்டோபர் 20-ல ஆரம்பிச்ச சீனச் சண்டை நவம்பர் 21-ல நின்னுபோச்சு. ஒரு மாசம். அந்தக் கடைசி நாட்கள்லயும் அதுக்கப்புறமும் அஸ்ஸாம், டார்ஜிலிங், ஷில்லாங்னு வீடு வீடாப் போலீஸ் போச்சு. சீன முகம் இருந்தாப் போதும். மூணு தலைமுறையா இந்தியாவிலயே பொறந்தவங்க, சீனாவை மேப்ல மட்டும் பார்த்தவங்க, பள்ளிக்கூடத்துல ஜன கண மன பாடின பிள்ளைங்க. ஏறக்குறைய மூவாயிரம் பேர். நாள் கணக்கா ரயில்ல ஏத்திட்டுப் போய் ராஜஸ்தான்ல தேவ்லிங்கிற ஊர்ல முள்வேலி முகாம்ல அடைச்சாங்க. வெள்ளைக்காரன் காலத்துல யுத்தக் கைதிகளை வச்சிருந்த இடம் அது. கேஸ் கிடையாது, விசாரணை கிடையாது. ஒரு மாசச் சண்டைக்குச் சில குடும்பங்கள் நாலு வருஷத்துக்கு மேல உள்ளே கிடந்தாங்க. முகாம்லயே பிரசவம் நடந்துச்சு. அப்படிப் பொறந்த ஜாய் மாங்கிறவங்கதான் திலீப் டிசூசாவோட சேர்ந்து 2020-ல இதைப் புத்தகமாக் கொண்டுவந்தாங்க. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே அஸ்ஸாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரி இதை நாவலா எழுதியிருக்காங்க. தமிழ்ல இதைப் பத்தி எவ்வளவு தேடியும் எனக்கு அகப்பட்டது ரொம்பக் கொஞ்சம்.

1963-ல சீனா கப்பல் அனுப்புச்சு. ரெண்டாயிரம் பேருக்கு மேல அதுல போனாங்க. வீடு, கடை எல்லாம் கையை விட்டுப் போனப்புறம் வேற வழி? கப்பல் வந்து நின்ன துறைமுகம் மெட்ராஸ். நம்ம மெட்ராஸ்! பர்மாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் தமிழங்க மூட்டை முடிச்சோட வந்து இறங்கின அதே ஊர்லேருந்து, அதே காலகட்டத்துல, இவங்க மூட்டை முடிச்சோட ஏறிப்போயிருக்காங்க. நீ வின் ஆட்சியில கடையைப் பிடுங்கி நம்மாளுங்களை பர்மா தொரத்துச்சு. சிறிமாவும் சாஸ்திரியும் 1964-ல ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டு 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா எடுத்துக்கணும்னு பங்கு பிரிச்சாங்க. அதைப் பத்தி நாம எவ்வளவு பேசறோம், எழுதறோம்! பேசணும்தான். பர்மா பஜார்கிட்ட நின்னு அத்தோ சாப்பிடறோமே, அதுவும் நூடுல்ஸ்தான். தொரத்தப்பட்ட நம்மாளுங்க கொண்டுவந்த நூடுல்ஸ். அதைச் சாப்பிடும்போது அவங்க பட்ட கஷ்டம் ஞாபகம் வருதில்லே? பக்கத்துத் தெருவில சில்லி சிக்கன் சாப்பிடும்போது மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

முகாம்லேருந்து திரும்பி வந்தவங்களுக்கு வீடு இல்லே. சாமானெல்லாம் ஏலம் போயிருந்துச்சு. முகாமுக்கே போகாத கல்கத்தாச் சீனர்கள் மேலயும் போலீஸ் கெடுபிடி, ஊரைத் தாண்டிப் போகணும்னா அனுமதி. பேங்க்காரன்கிறதால எனக்குக் கண்ணுல பட்டது இன்னொண்ணு. பேங்க் ஆஃப் சைனாவுக்குக் கல்கத்தாவிலயும் பம்பாயிலயும் கிளை இருந்துச்சு, 1962-ல மூடிட்டாங்க. 2018-ல அதே பேங்குக்கு ரிசர்வ் வங்கி மறுபடி லைசென்ஸ் குடுத்துச்சு. ராஜதந்திரம், வியாபாரம், சரி, நான் குறை சொல்லலே. ஆனா பெய்ஜிங் அரசாங்கத்தோட பேங்கை மன்னிக்க முடிஞ்ச நமக்கு, பெய்ஜிங்கையே பார்க்காத டாங்ராச் செருப்புக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியலே. அதே 2018-ல அரசாங்கம் சொன்ன கணக்குப்படி, சீனக் குடிமக்கள் விட்டுட்டுப் போனதுன்னு எதிரிச் சொத்துப் பட்டியல்ல 126 சொத்து இருக்கு. சொத்துக்குக் கணக்கு சரியா வச்சிருக்கோம்.

மிச்சம் இருந்தவங்கள்ல பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமா வெளிநாடு கிளம்பினாங்க. நிறையப்பேர் வந்த இடம் டொரண்டோ. இங்க ஹக்கா கடை முளைச்ச கதை அதுதான். வந்த நாட்ல சீனச் சாப்பாடுன்னு அவங்க செஞ்சு விக்கிறது கல்கத்தாச் சாப்பாட்டை. தொரத்தின ஊரோட ருசியைத் தூக்கிட்டு வந்து அதை வச்சே பிழைக்கிறாங்க. அந்த ருசியைத் தேடிப் போய் க்யூவில நிக்கிறது யாரு? நாம!

இப்போ கனடாவைப் பாருங்க. இவங்க ஒண்ணும் உத்தமர்கள் இல்லே. ரயில்பாதை போடச் சீனர்களைக் கூட்டிட்டு வந்து, பாதை முடிஞ்ச 1885-லயே தலைவரி போட்டாங்க. ஒரு தலைக்கு 50 டாலர், அப்புறம் 100, 1903-லேருந்து 500. 1923-லேருந்து 1947 வரைக்கும் சீனர் வரவே கூடாதுன்னு கதவைச் சாத்தினாங்க. ஆனா 2006 ஜூன் 22-ந்தேதி பிரதமர் ஹார்ப்பர் பார்லிமெண்ட்ல எழுந்து மன்னிப்புக் கேட்டார். வரி கட்டினவங்கள்ல உயிரோட இருந்தவங்களுக்கும், இறந்தவங்களோட மனைவிமார்களுக்கும் 20,000 டாலர் குடுத்தாங்க. போன பணத்துக்கு இது காலணாகூட ஆகாது. ஆனா கணக்குப் புத்தகத்துல எழுதினாங்க.

அடுத்தது நம்ம கதை. கோமகட்டா மாரு. 1914-ல 376 பேரோட வான்கூவர் வந்த கப்பலை ரெண்டு மாசம் கடல்லயே நிறுத்தி வச்சுத் திருப்பி அனுப்பினாங்க. அது போய்ச் சேர்ந்த பட்ஜ்பட்ஜ்ல பிரிட்டிஷ் போலீஸ் சுட்டதுல பலபேர் செத்தாங்க. (அந்த பட்ஜ்பட்ஜ்லேருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான் நம்ம அச்சியூவோட சமாதி.) ஹார்ப்பர் 2008-ல சர்ரேயில ஒரு பார்க்ல நடந்த விழாவில மன்னிப்புச் சொன்னார். நம்மாளுங்க ஒத்துக்கலே. பார்க்ல சொன்னது செல்லாது, பார்லிமெண்ட்ல சொல்லுன்னு விடாம நின்னாங்க. 2016 மே 18-ல ட்ரூடோ பார்லிமெண்ட்ல சொன்னார். இங்க இருக்கிற இந்தியர்கள் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். நூத்திரண்டு வருஷம் முன்னாடி நடந்ததுக்கு இன்னொரு நாட்டுக்காரன்கிட்ட மன்னிப்பு கேட்டு வாங்கற நாம, அறுபது வருஷம் முன்னாடி நாமே செஞ்சதுக்கு ஒரு வரி எழுதக்கூடாதா?

இதுக்கு நண்பர்கள் சொல்ற பதில் எனக்கு மனப்பாடம். "யுத்த காலம்பா, எந்த நாடும் அப்படித்தான் செய்யும்." செஞ்சுதான், அமெரிக்காவும் கனடாவும் ஜப்பானியர்களை அடைச்சு வச்சாங்க. ரெண்டு நாடும் 1988-லயே மன்னிப்புக் கேட்டாச்சு. "சைனா இன்னிக்கும் எல்லையில நிக்கிறானே?" நிக்கட்டும். 2020-ல கல்வான்ல நம்ம வீரர்கள் 20 பேர் செத்தப்போ எனக்கும் வயிறு எரிஞ்சுது. ஆனா அந்த வாரம் ஒன்றிய இணையமைச்சர் ராம்தாஸ் அதவாலே என்ன சொன்னார்? சீனச் சாப்பாடு விக்கிற ரெஸ்டாரண்டுகளைத் தடை பண்ணணும்னார். திருப்பதி பண்டிக்காரர் மஞ்சூரியா விக்கிறதை நிறுத்தினா சீனப் பட்டாளம் பின்வாங்குமா? ஊரெல்லாம் சிரிச்சுட்டு விட்டுட்டோம். சட்டி புடிச்சு நின்ன மணிப்பூர்ப் பையனுக்கும் டார்ஜிலிங் பையனுக்கும் அது சிரிக்கிற விஷயம் இல்லே. அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் அவங்களைப் பார்த்து 'கொரோனா'ன்னு கத்தியிருந்தாங்க.

"பழசையெல்லாம் எதுக்குக் கிளர்றே?"ன்னு ஒருத்தர் கேட்டார். பேங்க்ல சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு இருக்கு. எதுல சேர்க்கிறதுன்னு தெரியாத தொகையைத் தற்காலிகமா அதுல போட்டு வைப்போம். வருஷக்கணக்காக் கிடந்தா ஆடிட்டர் விடமாட்டார். பழசுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, பழசாக ஆகத்தான் கேள்வி ஜாஸ்தியாகும்.

தேவ்லியில இருந்தவங்க ஒண்ணும் பெரிசாக் கேக்கலே. இங்க டொரண்டோவில சங்கம் வச்சிருக்காங்க. 2017-ல ஒரு பஸ் எடுத்துக்கிட்டு ஒட்டாவா போய் இந்தியத் தூதரகத்து வாசல்ல நின்னாங்க. கையில ஒரு கடிதம். எங்களை அடைச்சு வச்சது தப்புன்னு அரசாங்கம் சொல்லணும்னு கேட்டு எழுதினது. டொரண்டோவிலேருந்து ஒட்டாவா போக பஸ்ல அஞ்சு மணி நேரம் ஆகும். வந்திருந்தவங்கள்ல பலபேர் முகாமுக்குச் சின்னப் பிள்ளைங்களாப் போனவங்க, அப்பவே அறுபது எழுபது வயசுக்காரங்க. பதில் இன்னும் வரலே.